நாய்க்கு நாடி பார்க்குமா செல்போன்?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. பெரம்பூரில் ஒரு குமாஸ்தா வீடு. மூன்று மாதக் குட்டி நாய் ஒன்று மூலையில் சுருண்டு கிடக்கிறது. பெயர் மணி. சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை வாந்தி. பாலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"ஏங்க, டாக்டர்கிட்டே தூக்கிட்டுப் போயிடலாமா?" என்கிறார் மனைவி.

"இந்நேரத்துக்கு எந்த டாக்டர் இருப்பார்? இரு, போன்ல பார்க்கிறேன்" என்கிறார் கணவர்.

போனில் பதிலுக்கா பஞ்சம்? ஒருவர், "தயிர் சாதம் கொடுங்க, சரியாப் போயிடும்" என்கிறார். இன்னொருவர், "ஒரு நாள் பூரா பட்டினி போடுங்க" என்கிறார். மூன்றாவது பேர்வழி, மனிதர் சாப்பிடும் பேதி மாத்திரையின் பெயரையே சொல்லிவிடுகிறார். மூவரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நம்பிக்கையாகத்தான் பேசுகிறார்கள்.

குமாஸ்தா மூன்றையும் செய்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தயிர் சாதம் வெளியே வந்தது. மத்தியானம் பட்டினி. ராத்திரி மாத்திரை. திங்கட்கிழமை விடிந்தபோது பேதியில் ரத்தம்.

அப்புறம்தான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டியைத் துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து வேப்பேரிக்கு ஓடினார்.

அங்கே டாக்டரம்மா குட்டியின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் கிள்ளிய இடத்திலேயே நின்றது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை ஊசி போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு போட்டோம், டாக்டரம்மா. வாங்கும்போது."

"சனிக்கிழமையே வந்திருக்கலாமே!"

மணிக்கு வந்தது பார்வோ. டிரிப் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை குட்டி இறந்துவிட்டது.

"போன்ல சரியாப் போயிடும்னு சொன்னாங்களே அப்பா?" என்று கேட்டது அந்த வீட்டுக் குழந்தை. அதற்கு என்ன பதில் சொல்வது?

யார் குற்றம்?

இந்தக் கதை பெரம்பூரோடு முடிகிற கதை இல்லை. சைதாப்பேட்டையிலும் நடக்கிறது, அம்பத்தூரிலும் நடக்கிறது. நாய் வளர்க்கிற தெருவுக்கு ஒரு மணி இருக்கிறது.

குமாஸ்தா மீது பழி போடுவது சுலபம். அவர் நாயை அலட்சியப்படுத்தவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண் விழித்துத் தேடியவர் அவர்.

போன் மீது பழி போடுவதும் சுலபம். ஆனால் போனில் சொன்னவர்கள் எல்லாருமே பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. நன்றாக வளர்ந்த நாய் எதையோ தின்றுவிட்டு ஒரு தடவை வாந்தி எடுத்தால், சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது உண்டு. அப்புறம் லேசான சாதம் கொடுப்பதும் உண்டு. அந்த நாய்க்கு அது சரி.

மூன்று மாதக் குட்டிக்கு அதுவே விஷப்பரீட்சை. குட்டியின் உடம்பில் சேமிப்பு கிடையாது. ஒரு நாள் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தியோடும் பேதியோடும் நீரும் போய்விட்டால் அப்புறம் உயிர் மிஞ்சுவது கஷ்டம்.

குட்டிக்கு என்ன வயது, எத்தனை ஊசி போட்டாயிற்று என்பது சொல்கிறவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. சங்கதி அவ்வளவுதான்.

போன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்பவர்தான் டாக்டர். நாய்க்கோ வாய் இல்லை. "இங்கே வலிக்குது" என்று அது சொல்லாது. அதனால்தான் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

இப்போது செயற்கை அறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் அழகாகத் தமிழிலேயே எழுதித் தருகிறது. வேண்டுமானால் இரண்டு கேள்வி திருப்பியும் கேட்கிறது. அதுவும் எஜமானர் சொன்னதை வைத்துக்கொண்டுதான் பேச முடியும். ஈறு வெளுத்திருப்பதை எஜமானர் பார்க்கவில்லை என்றால் அதற்கும் தெரியப்போவதில்லை.

ஒரு ஊசி போதாது

பார்வோ வைரஸ் நாய்களிடம் ஒரு தொற்றாகப் பரவியது 1978-ல். சீக்கிரமே உலகம் முழுதும் பரவிவிட்டது. நோய் கண்ட நாயின் மலத்தில் கிருமி இருக்கும். மண்ணில், தரையில், செருப்பில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். வெளியே போகாத குட்டிக்கும் எஜமானரின் செருப்பில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும்.

வைரஸைக் கொல்ல நேரடி மருந்து என்று ஒன்றும் சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் இல்லை. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி சேராமல் காத்து, குட்டியின் உடம்பே ஜெயிக்கும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் வைத்தியம். முதல் நாளே வந்தால் பிழைக்கும் குட்டிகள் ஏராளம். மூன்றாம் நாள் வந்தால் டாக்டர் கையிலும் ஒன்றும் இல்லை.

தடுக்க வழி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. பதினாறு வாரம் வரை இப்படிப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்பத்தில் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுவது.

"விக்கிறவர் ஊசி போட்டாச்சுன்னு சொன்னாரே" என்று பலர் சொல்கிறார்கள். எத்தனை ஊசி, எந்தத் தேதி, அட்டை எங்கே? இதைக் கேட்டு வாங்குபவர் குறைவு. ஜவுளிக்கடையில் ஒரு புடவைக்கு ரசீது கேட்கிற ஜனங்கள், உயிருக்கு அட்டை கேட்பதில்லை.

நூற்று இரண்டு டிகிரி

இன்னொரு வீடு. நாய் சோர்ந்திருக்கிறது. மூக்கைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்தார்கள். 102 டிகிரி!

"ஐயையோ, காய்ச்சல் கொதிக்குது" என்று வீட்டில் இருக்கும் 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை சாதாரண உடம்புச் சூடு. மனிதருக்கு 102 காய்ச்சல். நாய்க்கு அது காய்ச்சலே இல்லை. மூக்கு காய்ந்திருப்பதும் நோய்க்கு அடையாளம் இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும்.

மாத்திரைக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ ஆள் ஒரு மாத்திரை விழுங்கினால் கிலோவுக்குப் பதினோரு மில்லிகிராம் சேருகிறது. 5 கிலோ பொமரேனியன் அதே மாத்திரையை விழுங்கினால் கிலோவுக்கு 130 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்கு! அந்த அளவில் பாராசிட்டமால் நாயின் ஈரலைப் பதம் பார்த்துவிடும். பூனைக்கோ பாதி மாத்திரையே எமன்.

வலிக்கு என்று ஐபுபுரோபென் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நாய்க்கு அது வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கென்றே தனி வலி மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

இதில் மருந்துக்கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. "நாய்க்குத்தான் சார், ஏதாவது கொடுங்க" என்றதும் ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் மனிதருக்கே கொடுக்கக்கூடாத மருந்தை, நாய்க்கு என்றதும் கொடுக்கலாமா?

பவுண்டா, கிலோவா?

வெளிநாட்டுக்காரர் எழுதியதைப் படிப்பதில் இன்னொரு வில்லங்கம். அமெரிக்காவில் நாயின் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். இங்கே கிலோ. 10 கிலோ நாய் என்றால் அங்கே 22 பவுண்டு.

மருந்து அளவு கிலோவுக்கு இவ்வளவு என்று இருந்ததைப் பவுண்டுக்கு என்று நினைத்துக்கொண்டால் கதை கந்தல். இரண்டு மடங்குக்கு மேல் மருந்து உள்ளே போய்விடும். தலைகீழாக நினைத்தால் பாதி மருந்துகூடப் போகாது.

உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி என்று பலர் சொல்கிறார்கள். நல்ல மருந்துதான். கண்டுபிடித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கடையில் சுலபமாகக் கிடைக்கும் பாட்டில் மாட்டுக்கானது. அதில் ஒரு மில்லி என்பது 50 கிலோ எடைக்கான கணக்கு. 5 கிலோ நாய்க்கு அந்த ஒரு மில்லியைக் குத்தினால் பத்து மடங்கு.

அதோடு, கோலி போன்ற சில ஜாதி நாய்களுக்கு இந்த மருந்து மூளைக்குள் போய்விடும். தள்ளாடும், வலிப்பு வரும், நினைவு தப்பும். பரம்பரையில் வரும் ஒரு குறைதான் காரணம் என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். கலப்பு ஜாதி நாய்க்கு அந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ஒன்றரை நிமிட வீடியோவில் யார் சொல்கிறார்கள்?

உண்ணிக் காய்ச்சலில் இரண்டு வகை

வெளிநாட்டில் உண்ணிக்கு ஒரு சீசன் உண்டு. பனி விழுந்தால் அடங்கிவிடும். சென்னையில் பனியா விழுகிறது? வருஷம் பூரா உண்ணிதான். சுவர் இடுக்கில், கட்டில் காலில், திண்ணை ஓட்டையில் குடித்தனம் நடத்துகிறது.

உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் எர்லிகியா என்று ஒன்று, பபேசியா என்று ஒன்று. இரண்டிலும் நாய் சாப்பிடாது. இரண்டிலும் காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு. வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று.

ஆனால் மருந்து வேறு! எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பபேசியா சிவப்பணுவைத் தின்னும் கிருமி. டாக்சிசைக்ளினுக்கு மட்டும் மசியாது. அதிலும் உள்வகை பார்த்துத்தான் மருந்து. சில நாய்களுக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் மருந்துச்சீட்டு.

"போன வருஷம் பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதினாங்களே, அதே மாத்திரைதான்" என்று ஐந்து நாள் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் நாள் நாய் சாப்பிட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே பதுங்கிக் கிடக்கும். சில மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

வண்டி ஆயில் வைத்தியம்

போன் வருவதற்கு முன்னால் எல்லாரும் டாக்டரிடம் போனார்களா? அதுவும் இல்லை.

சொறி பிடித்த நாய்க்கு மெக்கானிக் கடையில் பழைய வண்டி ஆயிலை வாங்கிவந்து தடவிய ஊர்தானே இது! பினாயில் ஊற்றிக் குளிப்பாட்டியவர்கள் உண்டு. நாய் தன் உடம்பைத் தானே நக்கும். நக்கினால் ஆயிலும் பினாயிலும் வயிற்றுக்குள்ளே போகும். சொறி போவதற்குள் நாய் போய்விடும்.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வைத்தியம் சொன்னவர் இன்றைக்குப் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் பேச்சு தெருமுனை வரைக்கும்தான் போயிற்று. இன்றைக்கு லட்சம் வீட்டுக்குள் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முடி கொட்டி, தோல் தடித்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். படையாக இருக்கலாம். உண்ணிக் கடியின் அரிப்பாக இருக்கலாம். டாக்டர் தோலைக் கத்தியால் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். டெமோடெக்ஸ் என்ற பூச்சி இருக்கும் தோலில் அரிப்பு நிற்க ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. இரண்டு நாள் சிவப்பு அடங்கும். அப்புறம் உடம்பு பூராவும் பரவும்.

எலி மருந்தும் உப்புத் தண்ணீரும்

நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது. போனில் உடனே பதில்: "உப்பைக் கரைச்சு ஊத்துங்க, வாந்தி எடுத்துடும்."

கிலோக்கணக்கில் உப்பு தேவையில்லை. சிறிய நாய்க்கு சில கரண்டி உப்பே மூளையைப் பாதிக்கும். எலி மருந்தில் தப்பிக்கிற நாய் உப்பில் மாட்டிக்கொள்ளும். தின்றது மண்ணெண்ணெய் அல்லது ஆசிட் என்றால் வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து. போகும்போது சுட்ட வழியெல்லாம் வரும்போதும் சுடும்.

எலி மருந்திலும் பல ஜாதி இருக்கிறது. ஒரு வகை, ரத்தத்தை உறைய விடாது. இதைத் தின்ற நாய் இரண்டு, மூன்று நாள் வரை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். "ஒண்ணும் ஆகலையே" என்று நிம்மதியாக இருக்கும்போது உள்ளுக்குள் ரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்து. சீக்கிரம் போனால் பிழைக்கும்.

இன்னொரு வகை ஜிங்க் பாஸ்பைடு. அதற்கு மாற்று மருந்தே இல்லை. மணிக்கணக்கில் முடிந்துவிடும். அறிகுறிகளைக் கவனித்துப் பார்த்தபடி ஒவ்வொன்றாக வைத்தியம் செய்வதுதான் வழி.

ஆகவே நாயோடு எடுத்துப் போக வேண்டியது ஒன்று உண்டு: அந்த மருந்தின் டப்பா. டப்பாவைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

போனுக்கும் வேலை இருக்கிறது

அப்படியானால் போனைத் தூக்கிக் கடலில் போடுவதா? வேண்டாம்.

நாய்க்கு வலிப்பு வருகிறது. இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. டாக்டரிடம் போவதற்குள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. "எப்படி இழுத்தது?" என்று டாக்டர் கேட்டால் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தைப் போனில் வீடியோ எடுத்திருந்தால் அதுவே பெரிய சாட்சி. இருமல், நொண்டல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வாந்தியையும் மலத்தையும் ஒரு போட்டோ எடுக்கலாம். அருவருப்பு பார்த்தால் ஆகாது. ஊசித் தேதியைக் குறித்து வைத்தால் போன் ஞாபகப்படுத்தும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு ஆகாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கும் போன் நல்லதுதான். சாப்பாட்டை எட்டாத இடத்தில் வைக்க டாக்டர் சீட்டு தேவையில்லை.

அக்னி நட்சத்திரத்தில் நாய் மூச்சு வாங்கி விழுந்தால், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

எப்போது ஓட வேண்டும் என்று போனில் தெரிந்துகொள்ளலாம். எந்த மருந்தைக் கொடுப்பது என்று போனில் தெரிந்துகொள்ளக் கூடாது. கோடு இங்கேதான்.

சில அடையாளங்களைக் கண்டால் போனைத் தொடவே நேரம் இல்லை. வெளுத்துப்போன ஈறு. மூச்சுத் திணறல். வயிறு உப்பி, ஒன்றும் வராமல் ஓங்கரிப்பது. சிறுநீர் போக முக்கியும் வராமல் நிற்பது. குட்டிக்குத் திரும்பத் திரும்ப வாந்தி பேதி. பருவம் வந்துபோன ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டை நாய் சாப்பிடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருப்பது. கடைசியாகச் சொன்னது கர்ப்பப்பையில் சீழ் கட்டுவதாக இருக்கலாம். பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி.

எஜமானருக்கும் உயிர் உண்டு

நாய் விஷயத்தில் போன் வைத்தியம் எஜமானரின் உயிரையே கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது நாய்க்கடி.

மஞ்சள் வை, மிளகாய்த்தூள் வை, சுண்ணாம்பு வை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எதையும் வைக்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடி ஆழமாக இருந்தாலோ ரத்தம் வந்தாலோ, காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் வேண்டும். அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"நம்ம வீட்டு நாய்தானே, குட்டி நாய்தானே" என்று விடுவதும் தப்பு. வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. பாஸ்டர் இதற்குத் தடுப்பூசி போட்டுக் காட்டியது 1885-ல். குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-ல். நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து இருக்கும் ஊரில் மிளகாய்த்தூளை நம்பிச் சாவது அநியாயம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை

ஜனங்கள் ஏன் போனிடம் போகிறார்கள்? போனுக்குப் பீஸ் கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் முழித்திருக்கும். "ஏன் லேட்டா வந்தே?" என்று திட்டாது.

டாக்டரிடம் போவது என்றால் சும்மாவா? பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் மீட்டருக்கு மேலே கேட்பார், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்பார். ஆபீசில் "நாய்க்கு உடம்பு சரியில்லை" என்று லீவு கேட்டால் சிரிப்பார்கள். தனியார் கிளினிக்கில் உள்ளே போனால் எவ்வளவு ஆகும் என்று வெளியே வரும் வரைக்கும் தெரியாது. ஸ்கேன், ரத்தம், எக்ஸ்ரே என்று எழுதிக்கொண்டே போனால் மாதச் சம்பளக்காரர் பயப்படத்தான் செய்வார்.

எத்தனை டாக்டர்கள், "இந்த ரத்தப் பரிசோதனை ஏன் எழுதுறேன் தெரியுமா?" என்று இரண்டு நிமிஷம் விளக்குகிறார்கள்? விளக்கம் கிடைக்காத இடத்தில் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தவர் மறுபடியும் போனைத்தான் திறப்பார்.

கால்நடை டாக்டர் படிப்பு ஐந்தரை வருஷம். மாடு, குதிரை, ஆடு, கோழி, நாய் என்று வாய் பேசாத அத்தனை ஜீவனுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டர்தான் இந்த வைத்தியம் பார்க்கலாம் என்று 1984-ல் சட்டமே போட்டாயிற்று. சென்னைக்கு இதில் தனிப் பெருமை உண்டு. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-ல். இந்தத் துறையில் பட்டப்படிப்பு வந்ததும் இங்கேதான் முதலில், 1936-ல்.

இவ்வளவு பெருமை உள்ள ஊரில் சில காரியங்களைச் சுலபமாகச் செய்யலாம். கிளினிக் வாசலில் பீஸ் விவரத்தைப் பலகையில் எழுதி மாட்டலாம். அக்கம்பக்கத்து டாக்டர்கள் முறை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் ஒருவராவது போனை எடுக்கலாம். "வரணுமா, காலையில வந்தா போதுமா?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், பாதி உயிர் பிழைக்கும்.

மாநகராட்சியும் ஒரு கை கொடுக்கலாம். வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று 2025-ல் சொல்லியாயிற்று. உரிமம் வாங்க வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். உரிமம் கொடுக்கும்போதே தமிழில் ஒரு பக்க நோட்டீசும் கொடுத்தால் என்ன? எந்த வயதில் எந்த ஊசி, எந்த அடையாளம் கண்டால் ஓட வேண்டும், எந்த மனித மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, பக்கத்து ஆஸ்பத்திரி நம்பர் என்ன? நான்கே நான்கு விஷயம். அபராதம் வசூலிப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் கால் பங்கு இதில் காட்டினால் போதும்.

முதல் நாளே செய்ய வேண்டியது

நாய் வாங்கிய அன்றைக்கே, அது துள்ளிக்கொண்டிருக்கும்போதே, ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். எடை போட்டு, அட்டை எழுதி வாங்கிவிட வேண்டும். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாலும், "யாரு, பெரம்பூர் மணியா? என்ன ஆச்சு?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார். முன்பின் தெரியாத டாக்டரைச் சனிக்கிழமை ராத்திரி தேடுவதுதான் கஷ்டம்.

குமாஸ்தா வீட்டில் இப்போது மறுபடியும் குட்டி வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. டாக்டரம்மா ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருக்கிறார். மணி கிடந்த இடத்தில் கிருமி இன்னும் இருக்கும். தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும். அடுத்த குட்டி எல்லா ஊசியும் முடித்துக்கொண்டுதான் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க வேண்டும்.

இதை எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று வீடியோவுக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தாவின் போனில் இப்போது வேப்பேரி ஆஸ்பத்திரி நம்பர் இருக்கிறது. தெருவில் இருக்கும் கிளினிக் டாக்டரின் நம்பரும் இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் போனில் முதலில் தேட வேண்டியது அந்த நம்பரைத்தான்.